யார் பெயருக்குப் பறிப்பது

உங்கள் வீட்டில் குழந்தையை என்ன சொல்லிக் கொஞ்சுகிறீர்கள்? கண்ணு, பட்டு, ராசாத்தி, செல்லம் என்று எதையாவது சொல்வீர்கள். காலை முதல் படுக்கும்வரை இந்தத் தீவின் கிரேயோல் பேசுகிற வீட்டில்கூட இந்தச் சொற்கள் மட்டும் தேயாமல் இருக்கின்றன. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாதிப் பொருள் தெரியாமல் பாடுகிறோம். குழந்தையை மடியில் போட்டதும் வாயில் தமிழ் தானாக வருகிறது. என் மகளுக்கு எட்டு மாதம். அந்தச் சொற்களில் ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்வதில்லை. இங்கே எழுதத்தான் போகிறேன். எழுதினால் குற்றமில்லை, வாய்விட்டுச் சொன்னால்தான் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துவைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் ரோஸ் ஹில்லில் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்தியவள் நான். இப்படி ஒரு சொல்லுக்குப் பயப்படலாமா என்று நீங்கள் கேட்டால், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் என் கணவர் பத்திரிகையோடு வந்தார். "உங்க ஊர் கல்லறைப் பூவப் பத்திப் போட்டிருக்கான், பாரு" என்றார். வெளிநாட்டில் அந்தச் செடியின் இலையிலிருந்து மருந்து எடுத்திருக்கிறார்களாம். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்த நோய்க்கு அதை ஊசியாகப் போடுகிறார்களாம். பூவின் படமும் இருந்தது. ஐந்து இதழ், நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னக் கண். நாம் சபோனேர் என்கிறோமே, அதுதான். கோயில் பூசாரி நித்தியகல்யாணி என்பார். நான் வளர்ந்த சுயாக்கில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் அதைச் சுடுகாட்டு மல்லி என்றார்கள். ஒரே செடிக்குக் கல்யாணத்திலிருந்து ஒரு பெயர், சுடுகாட்டிலிருந்து ஒரு பெயர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தொட்டிலில் மகள் மூச்சுவிடுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். உலகச் சண்டை முடிந்துவிட்டது, அரிசி இன்னும் அளந்துதான் கிடைத்தது. புயல் பிய்த்த கூரைகளின்மேல் கோணியும் தகரமும் கிடந்தன. கொசுவுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வீடு வீடாக வருவதற்கு முன்பு. எல்லா வீட்டிலும் ஒருவர் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த காலம்.

அப்பா சுயாக் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்ஸர். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளில் மருந்து கலப்பது, கட்டுப்போடுவது, திட்டுவது எல்லாம் அப்பாதான். காய்ச்சல்காரர்களின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்த வேலை. அந்தச் சாயத்தில் அவர் விரல் நகங்கள் எப்போதும் ஊதாவாக இருக்கும். அந்த விரல்களால் அவர் சோறு பிசையும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு எட்டு வயது. தங்கைக்கு இன்னும் நிற்க வரவில்லை. அவளுக்குப் பெயர்ப்பதிவில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் தங்கம்.

அந்த மாரிக்காலத்தில்தான் மம்ஸெல் வந்தாள். கல்யாணமாகாத பெண்ணை மம்ஸெல் என்றுதானே சொல்வோம். அவளுக்கு எங்கள் வீட்டில் வேறு பெயரே வைக்கவில்லை. மாநிறம், கட்டையாக வெட்டிய முடி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். இங்கிலாந்தில் ரசாயனம் படித்தவள். ரயிலிலிருந்து அவளோடு வைக்கோலில் பொதிந்த கண்ணாடிச் சாமான்களும், மூன்று வெள்ளை முயல்களும், ஒரு மூட்டைத் தவிடும் இறங்கின. அவளுடைய தாய்க்குச் சர்க்கரை நோயில் கண்பார்வை போய்விட்டதாம். தெற்கே ஜனங்கள் சர்க்கரைக்கு சபோனேர் கஷாயம் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் உண்மை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வந்திருந்தாள். அப்பா, அம்மாவிடம் கேட்காமலே, எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த அறையின் வாசனை இன்றும் எனக்கு வரும். ஸ்பிரிட், வெந்த இலை, முயல் புழுக்கை, ஈரத் தவிடு. இலை வேகும்போது வரும் நெடி நாக்கின் அடியில் கசக்கும். மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. ஒரு குழாயில் நல்ல நீலமாக ஒரு திரவத்தை ஊற்றி, சோதிக்க வேண்டியதில் சில சொட்டு விட்டு, தீயில் காட்டுவாள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்தாற்போல் ஆகிவிடும். எனக்கு அது மாயவித்தை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நெறம் மார்ற தண்ணிய வீட்டுக்குள்ள வெக்கக் கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இலை பறித்துத் தர ஆள் வேண்டியிருந்தது. மாட்டுக்குப் புல் அறுத்து விற்கிற ஒருத்தி எங்கள் வேலிப்பக்கம் தினமும் போவாள். புல்லுக்காரக்கா என்போம். இளம் வயது, துடுக்கு வாய், எப்போதும் ஈர அரிவாள். கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் சபோனேர் எங்கே அடர்த்தி என்று அவளுக்குத் தெரியும். மம்ஸெல் அவளைக் கூப்பிட்டுக் கூடையைக் கொடுத்தாள். அவள் கூடையை வாங்கவில்லை.

"பூ கி ஸான்லா?" என்று கேட்டாள். யாருக்காக என்று அர்த்தம்.

"பூ பெர்ஸோன்" என்றாள் மம்ஸெல். யாருக்காகவும் இல்லை.

கிரேயோலில் 'பூ' என்றால் 'ஆக' என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது இரண்டு பாஷையும் ஒரே வாயில் கலந்து கிடந்தது. ஆளில்லாத பூ என்றுதான் என் காதில் விழுந்தது.

புல்லுக்காரக்கா முகம் மாறிவிட்டது. "அப்டிப் பறிக்க மாட்டேன் மம்ஸெல். மருந்துன்னா செடிகிட்ட பேர் சொல்லி, கேட்டுத்தான் எடுக்கணும். இன்னாருக்கு முடியல, குடுன்னு கேக்கணும். பேர் சொல்லாமப் பறிச்சா அது சும்மா இருக்குமா? தானாத் தேடிக்கும்."

"எதைத் தேடிக்கும்?" என்றார் அப்பா.

"பேரைத்தான்."

அப்பா சிரித்துவிட்டார். "மாட்டுக்குப் புல்லு அறுக்கிறியே, மாட்டுப் பேரைச் சொல்லியா அறுக்கிற?"

"புல்லு மருந்தா மிஸ்யே? உங்க ஆஸ்பத்திரியில பேர் எழுதாம எனக்கு ஒரு மாத்திர குடுத்திருக்கீங்களா? கையெழுத்துத் தெரியாதுன்னாலும் பெருவிரல அமுக்கி வாங்கறீங்க. செடிக்கு மட்டும் பேர் வேணாமா?"

மம்ஸெலுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "சரி, முயலுக்காக. பூ லாபென்" என்றாள்.

"எந்த முயலு? மூணு நிக்குதே."

மம்ஸெல் முயல்களின் காதில் மையால் புள்ளிதான் வைத்திருந்தாள். பெயர் வேண்டுமென்றதும் கொஞ்சம் யோசித்தாள். அவள் அறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். நாள் முழுக்க அம்மாவின் குரல் அதன் வழியே அவளுக்குக் கேட்கும். அவளுக்குத் தெரிந்த தமிழே அதுதான். அம்மா அன்போடு சொல்கிற சொற்கள் எல்லாம் 'அழகான பிராணி' என்பதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முயலாகத் தொட்டு, பிரெஞ்சு வாயால், "கன்னூ. ராஷா. தாங்கம்" என்றாள்.

கண்ணு என்பது நான். ராஜா எங்கள் நாய். தங்கம் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டு வயதில் ஒரு முயலுக்கு என் பெயர் வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வேன்?

ஒருநாள் மத்தியானம் கூடை தூக்கப் புல்லுக்காரக்காவோடு நானும் போனேன். சுயாக் கடலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே அலையைத் தடுக்கப் பவளத்திட்டு கிடையாது. கடல் நேராக வந்து பாறையில் மோதும். கல்லறைத் தோட்டத்தில் நின்றால் காலடியில் மண் அதிர்வது தெரியும். சிலுவைகள் உப்பு அரித்துச் சாய்ந்திருந்தன. அவற்றின் நடுவே, மணலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், அந்தப் பூக்கள் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாக நின்றன. முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வேரில் போட்டாள். ஒரு செடியிடம் "கண்ணுக்கு" என்றாள். பக்கத்துச் செடியிடம் "ராஜாவுக்கு" என்றாள். மூன்றாவது செடியிடம் குனிந்து, இன்னும் மெல்ல, "தங்கத்துக்கு. தங்கத்துக்கு முடியல, குடு" என்றாள். தங்கத்துக்கு என்ன முடியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. காம்பை ஒடித்ததும் பால்போல ஒன்றும் வரவில்லை, பச்சையாக ஈரம் மட்டும் கசிந்தது.

"போற வழியில யார் கூப்பிட்டாலும் திரும்பாத" என்றாள்.

பாதி வழியில் கூப்பிட்டார்கள். "தங்கம்!" என்று ஒரு பெண்குரல், பின்னால், கல்லறைப் பக்கமிருந்து. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் திரும்பவில்லை. அங்கே குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பெயர் தங்கம்தான். யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மம்ஸெல் முயல்களுக்குச் சர்க்கரை ஏற ஒரு ஊசி போட்டாள். பிறகு இலைச்சாற்றைக் காய்ச்சி வடித்து அதையும் ஊசியில் ஏற்றினாள். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தினமும் சோதித்தாள். சர்க்கரை குறையவே இல்லை. ஆனால் முயல்கள் ஒடுங்கத் தொடங்கின. சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தன. காதுகள் விளக்குக் கண்ணாடிபோல மெலிந்து, வெளிச்சத்தில் பின்னால் இருப்பது தெரிந்தது. உதட்டோரம் புண் வந்தது. முதலில் கண்ணு செத்தது. அந்த வாரம் எனக்கு ஒரு பல் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு ராஜா செத்தது. மறுநாள் எங்கள் நாய் ராஜா ரயில் பாதையோரம் கிடந்தது. உடம்பில் காயம் அதிகமில்லை, தூங்குவதுபோலத்தான் இருந்தது. ரயில் தட்டியிருக்கும் என்றார் அப்பா. அம்மா அழுதாள். அப்போதும் முயல்களின் பெயர் அவளுக்குத் தெரியாது.

அதன் பின்பு தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் வந்த காய்ச்சல்தான். அப்பா விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். மைக்ராஸ்கோப்பை எனக்கும் காட்டினார். ரோஜா நிறத்தில் வட்டவட்டமாகச் சிவப்பணுக்கள், அவற்றில் சிலவற்றுள் காய்ச்சல் பூச்சி, ஊடே அங்கங்கே கரு ஊதாவில் முசுக்கட்டைப் பழம்போல வெள்ளையணுக்கள். "இதுங்கதான் நம்ம காவக்காரங்க" என்றார். மஞ்சள் மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை பாலைத் தொடவில்லை. சாயங்காலம் ஆக ஆக அதன் உதடு வெளுத்தது.

அப்போதுதான் புல்லுக்காரக்கா பின்கதவில் வந்து நின்று, உள்ளே பார்த்து, உரக்கக் கேட்டாள்: "மம்ஸெல், தங்கத்துக்கு நாளைக்கும் பறிக்கணுமா?"

அம்மா அடுப்பின் முன்னால் இருந்தாள். கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"எந்தத் தங்கத்துக்கு?"

"முயலு தங்கத்துக்குதான், அக்கா. மத்த ரெண்டும் போயிடுச்சே. கண்ணும் ராஜாவும்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு நேராகப் பின்கட்டு அறைக்குள் போனாள். மம்ஸெலிடம் கிரேயோலில், "அந்த முயலை விட்ருங்க. இன்னைக்கே" என்றாள்.

"இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, மதாம். இன்னும் கொஞ்ச நாள். இதையும் விட்டால் நான் வந்ததே வீண். என் அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"எம் பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நடுவில் புகுந்தார். "பேரு ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணாயிடுமா? முயலுக்கு வேற பேர் வெச்சுட்டாப் போச்சு. முடிஞ்சுதே!"

"சொன்ன பேரைத் திரும்ப வாங்க முடியாது, மிஸ்யே" என்றாள் புல்லுக்காரக்கா வாசலிலிருந்து. "செடி கேட்டுடுச்சு."

"நீ வாய மூடு."

"மூடிக்கிறேன். செடி மூடிக்குமா?"

அம்மா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அறை மூலையில் இருந்த தவிட்டு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முயலின் பெயரை மாற்ற முடியாதென்றால் குழந்தையின் பெயரை மாற்றலாமே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு வேறொருத்தியிடம் விற்றுவிடுவதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் யாருக்காவது ஒரு தவிட்டம்மாவோ பிச்சையோ உறவில் இருக்கலாம். தேடி வருவது வந்து பார்க்கும். தேடின பிள்ளை அங்கே இல்லை, தவிட்டு விலை போன எதுவோ ஒன்றுதான் கிடக்கிறது என்று திரும்பிப் போய்விடும். அதுதான் கணக்கு. வாங்குகிறவள் வேற்று ஆளாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் வேற்று ஆள் மம்ஸெல் ஒருத்திதான்.

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, நல்ல வெயில் நேரத்தில், அம்மா குளித்து, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனாள். அம்மாவுக்குக் கிரேயோல் நன்றாகவே வரும். இதை மட்டும் தமிழில்தான் சொல்லவேண்டும் என்றாள்.

"இந்தப் பிள்ள எனக்கு வேணாம். தவிட்டுக்கு விக்கிறேன். வாங்கிக்கங்க."

நான் கிரேயோலில் சொன்னேன். மம்ஸெல் சிரிக்க வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கைகளைத் துடைத்தாள். மூட்டைக்குள் கையை விட்டு, முயல் தின்னும் அந்தத் தவிட்டை ஒரு தகர டப்பாவில் நிரப்பி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தாள். தூசி எழுந்து வெயிலில் மிதந்தது.

"பேர் வைக்கணும்" என்றேன்.

மம்ஸெல் தவிட்டைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பெண் பிள்ளையென்றால் தவிட்டம்மா என்றும் சொன்னேன். "தாவிட்டமா" என்றாள், குழந்தையின் காதருகே, மிகவும் கவனமாக.

அம்மா திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மம்ஸெல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூண்டில் முயலும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது, விலா எலும்பு தெரிய, அவசர அவசரமாக. எந்த மூச்சு எதனுடையது என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

அடுப்பு வேலை முடிந்ததும் அம்மா போய், "உங்க பிள்ளைய நான் வளக்கிறேன், குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தபோது கத்தினார். "படிச்ச வீடு இது!"

"படிச்ச வீட்லதான் இத்தனையும் நடந்திச்சு" என்றாள் அம்மா.

அடுத்த நாள் காலை முயல் செத்துக்கொண்டிருந்தது. மம்ஸெல் அதன் காதிலிருந்து கடைசியாக ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பூசி, அப்பாவின் சாயத்தை ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "மிஸ்யே, வாங்க. வெள்ளையணு எங்கே?" என்றாள். அப்பா பார்த்தார். எனக்கும் காட்டினார்கள். ரோஜா வட்டங்கள் மட்டும்தான் இருந்தன. ஊதாவைக் காணவே காணோம். காவல்காரர்கள் எல்லோரும் ஓடிப்போன ஊர்போல இருந்தது.

"சாயம் பழசு, மம்ஸெல்" என்றார் அப்பா, வெட்கத்தோடு. "சண்டைக்கு முந்தின சரக்கு. சரியாப் பிடிக்கல. என் தப்புதான்."

மம்ஸெல் தலையாட்டினாள். அவளுக்கு அப்பாமேல் மரியாதை அதிகம். தவிடு பூஞ்சணம் பிடித்திருக்கிறது, கூண்டு அழுக்கு, அதனால்தான் புண் வந்து செத்தன என்று முடிவு செய்தார்கள். கூண்டுகளை பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். முயல் தங்கம் மத்தியானம் செத்தது. தங்கையின் காய்ச்சல் இறங்க ஆரம்பித்ததும் அன்றுதான். மஞ்சள் மாத்திரை வேலை செய்திருக்கிறது என்றார் அப்பா. அம்மா தவிட்டு டப்பாவைச் சாமி படத்தின் பின்னால் வைத்தாள்.

மம்ஸெல் புறப்பட்ட நாளில் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெட்டிகள் இலேசாக இருந்தன. ரயில் வரும்போது அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அம்மாவிடம், "மோ திஃபி உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். என் மகள் உங்களிடம் இருக்கட்டும். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அம்மா அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அப்போதே பிள்ளையை மீட்டிருக்கலாம். வழக்கப்படி அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் மீட்டால் பிள்ளை பழையபடி தங்கமாகிவிடுமே. அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ரயில் போய்விட்டது. மம்ஸெலைப் பற்றி அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன். தங்கைக்கு மூன்று வயதிருக்கும். முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா சோற்றோடு வந்து, மறதியாக, "தங்கம், வா" என்றாள். தங்கை திரும்பவில்லை. அவளுக்கு அது தன் பெயரென்று தெரியாது. ஆனால் பூட்டிக் கிடந்த பின்கட்டு அறைக்குள் வைக்கோல் சரசரத்தது. ஏதோ ஒன்று எழுந்து, கதவுவரை வந்து, நின்றதுபோல இருந்தது. எனக்கும் கேட்டது. அப்பா திறந்து பார்த்து, "எலி" என்றார். எலி எதுவும் ஓடவில்லை. அறையில் வைக்கோலும் இல்லை. கூண்டுகளை எப்போதோ எரித்தாகிவிட்டது.

ஆறேழு வருஷம் முன்பு வந்த பெரும்புயல் உங்களுக்கும் மறந்திருக்காது. எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரை அதில் போயிற்று. அம்மா கூரைக்காக அழவில்லை. இடிந்த சுவருக்குள் கையை விட்டு அந்தத் தகர டப்பாவைத் தேடினாள். சாமி படம் கிடைத்தது. டப்பா கிடைக்கவில்லை. இனி எதைக் கொடுத்து மீட்பது? தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள். இருபது வயதாகிறது. நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போக இடம் கிடைத்திருக்கிறது. சுதந்திரம் வருகிறது, என்ன ஆகுமோ என்று ஊரில் பாதிப்பேர் கப்பலேறப் பார்க்கிறார்கள். அவள் போவதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அம்மா மட்டும் செய்தி கேட்ட அன்று, "அவங்க பிள்ளைய அவங்க ஊர்லேருந்து கூப்பிடறாங்க" என்றாள்.

அந்தப் பத்திரிகையை நான் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். செடியைச் சர்க்கரைக்குச் சோதித்தவர்கள், அது வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கவனித்தார்களாம். வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் அந்தப் பிள்ளைகளின் நோய். அப்பா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, இப்போது ஊதா போய்விட்ட தன் விரல்களைப் பார்த்தார்.

"சாயம் பழசில்ல" என்றார்.

எனக்குத் தெரியும். அதே புட்டியின் சாயத்தில்தான் அதற்குச் சில நாள் முன்பு தங்கையின் ரத்தத்தைப் பார்த்தோம். அதில் ஊதா நன்றாகப் பிடித்திருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மம்ஸெல் தேடி வந்தது இல்லாமல், தேடாத ஒன்று அந்தக் கண்ணாடிச் சில்லில் இருந்தது. முயல்கள் பெயராலும் சாகவில்லை, அழுக்காலும் சாகவில்லை. காவல்காரர்கள் இல்லாததால் செத்தன. இது விஞ்ஞானம், எனக்குப் புரிகிறது. ஒரு வகுப்புக்கு இதைப் பாடமாகவே நடத்துவேன். ராஜா ஏன் செத்தது என்று மட்டும் யாரும் எழுந்து கேட்டுவிடக் கூடாது.

என் மகள் பிறந்ததும் அம்மா வந்து, தொட்டிலுக்குள் பார்ப்பதற்கு முன்பே சொன்னாள்: "அந்தப் பேரை மட்டும் சொல்லிடாத. அது குடுத்தாச்சு."

இரண்டு வாரமாக எங்கள் துவைக்கிற கல்லின் ஓரத்தில், சிமெண்டு வெடிப்பில், ஒரு செடி முளைத்திருக்கிறது. நான் விதைக்கவில்லை. நேற்று பூத்தது. வெள்ளை, நடுவில் சின்னக் கண். "களைதானே, பிடுங்கிப் போடேன்" என்றார் என் கணவர். சரியென்று குனிந்து தண்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் நினைவு வந்தது, யாருக்காக என்று சொல்லவேண்டும். பூ பெர்ஸோன் என்று சொல்ல முடியாது. அது தானாகத் தேடிக்கொள்ளும். வேறு ஏதாவது ஒரு பெயர், யாருடையதும் அல்லாத ஒரு பெயர் கிடைக்காதா என்று தேடினேன். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. குழந்தை அழுதால் எந்தத் தாயின் வாயிலும் முதலில் என்ன வருமோ, அதுதான் என் வாயிலும் வந்தது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தண்டிலிருந்து எடுத்தேன்.

செடி அங்கேயேதான் இருக்கிறது. நான் இப்போது துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு போய் முன்வாசல் குழாயடியில் துவைக்கிறேன்.